ரேட் கான்ட்ராக்ட் மூலம் அரசுக்கு ஆண்டு முழுக்கப் பொருள் விற்பது எப்படி? உள்ளே ஆள் தெரியாமல் முடியுமா?

சத்திரப்பட்டிப் பக்கம் காஸ், பேண்டேஜ் துணி தயாரிக்கிறோம், அரசு மருத்துவமனைகளுக்குத் தொடர்ந்து சப்ளை செய்ய வழி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் இருக்கும் 'ஆள் தெரியாமல் முடியுமா' என்பதுதான் என்னை எழுத வைத்தது. முடியும். முறைகேடே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சிறு நிறுவனங்கள் தொழில்நுட்ப கவரிலேயே (விலையைத் திறக்கும் முன் தகுதி ஆவணங்களைப் பார்க்கும் கட்டம்) வெளியே போவதற்குக் காரணம் பெரும்பாலும் காலாவதியான சான்றிதழ், கையெழுத்தில்லாத பக்கம், கேட்ட ஆண்டுக்குப் பதில் வேறு ஆண்டின் தணிக்கைக் கணக்கு. இதற்கெல்லாம் சிபாரிசு தேவையில்லை. சரிபார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரேட் கான்ட்ராக்ட் கையெழுத்தானால் ஆர்டர் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஓராண்டோ இரண்டாண்டோ இந்த விலைக்கு, கேட்டபோது, கேட்ட கிடங்கில் இறக்குவேன் என்று நீங்கள் கட்டுப்படுகிறீர்கள். டெண்டரில் போட்டிருக்கும் அளவு உத்தேச அளவு மட்டுமே. அத்தனையும் எடுப்பதாக அவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் வந்தால்தான் வியாபாரம். ஒப்பந்தம் கையெழுத்தான தைரியத்தில் புதுத் தறிக்குக் கடன் வாங்காதீர்கள்.

எங்கே விற்பது? மத்திய அரசில் ரேட் கான்ட்ராக்ட் போட்டுவந்த பழைய கொள்முதல் அமைப்பான டி.ஜி.எஸ். அண்ட் டி. 2017 அக்டோபரில் மூடப்பட்டது. இப்போது துறைகள் 2016-இல் தொடங்கிய ஜெம் (GeM) என்ற அரசு இணையச் சந்தைத் தளத்தில்தான் வாங்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனித்தனி ஏலம். நீங்கள் கேட்கும் தொடர் சப்ளைக்கு ஏற்ற இடம், 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாதிரியான மாநில அமைப்புகள். விலையை மையமாக முடிவுசெய்து, மாவட்டக் கிடங்குகளில் சரக்கை வாங்கி, அங்கிருந்து மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் முறை அது. இ.எஸ்.ஐ., ரயில்வே ஆகியவையும் ரேட் கான்ட்ராக்ட் போடுகின்றன.

தயாரிப்பு உரிமம், ஜி.எஸ்.டி., உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு), இணைய டெண்டரில் கையெழுத்திட க்ளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து நான்கும் முதலில் தயாராக இருக்கட்டும். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதை எடுத்துத் தருகிறேன் என்று அரசுத் தளம் போலவே தோற்றத்தில் பக்கம் வைத்துப் பணம் பிடுங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆதாரும் பானும் கையில் இருந்தால் நீங்களே பதியலாம். ஒப்பந்தத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பின்னால் பதிந்தால் பில் தாமதத்துக்கு வட்டி கேட்கும்போது அதையே காட்டி மறுப்பார்கள்.

சிறு நிறுவனச் சலுகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணைப்படி குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் இ.எம்.டி.) விலக்கு உண்டு. உங்கள் விலை எல்1 விலையைவிட (டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலை) 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால், எல்1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு சப்ளை பெறலாம். ஆனால் அது மத்தியத் துறைகளுக்கும் மத்தியப் பொதுத்துறைக்கும்தான். வாங்கி விற்பவர்களுக்குப் பொருந்தாது. மாநில டெண்டரில் அந்தந்த டெண்டர் ஆவணம் சொல்வதுதான் கணக்கு. முன்வைப்புத் தொகைக்கு விலக்கு இருந்தாலும், டெண்டர் கிடைத்த பின் கேட்கும் செயல்பாட்டுப் பிணைத்தொகை கட்டித்தான் ஆக வேண்டும். டர்ன்ஓவர், முன்அனுபவம் இவற்றைத் 'தளர்த்தலாம்' என்றுதான் இருக்கும். மருத்துவப் பொருளில் தளர்த்துவார்கள் என்று நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

இனி விலை. இங்கேதான் ஆட்கள் அழிகிறார்கள். ஒரு ரோல் 100 ரூபாய், அதில் நூல் 60, லாபம் 6 என்று வையுங்கள். நூல் 10 சதவீதம் ஏறினால் அந்த 6 ரூபாயும் போய்விட்டது. ஒப்பந்தமோ இன்னும் ஓராண்டுக்கு ஓடும். விலை உயர்வுப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பணம் 90 நாளில் வந்தால், 12 சதவீத வட்டியில் ரோலுக்கு 3 ரூபாய் வங்கிக்குப் போகும். இதற்கு மேல் எல்லா மாவட்டக் கிடங்குக்கும் லாரி வாடகை, இறக்குக்கூலி, பரிசோதனைக் கட்டணம், பேங்க் கியாரண்டி கமிஷன். தூரத்துக் கிடங்குக்கு நாலு பெட்டி மட்டும் ஆர்டர் வந்தாலும் அதே விலைக்கு இறக்க வேண்டும். இவற்றை எழுதிக் கூட்டிய பிறகும் போட்டியாளர் உங்களைவிடக் குறைவாகப் போட்டால், விட்டுவிடுங்கள்.

விலைத்தாளை நிரப்பும்போது 'யூனிட்' என்ற கட்டத்தில் கண் வையுங்கள். டெண்டர் ஒரு டஜனுக்கு விலை கேட்டிருக்கும். பழக்கத்தில் ஒரு ரோலுக்கு விலை போட்டுவிடுவார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு விலைக்கு நீங்கள் எல்1. பின்வாங்கினால் கட்டிய முன்வைப்புத் தொகை போகும், கருப்புப் பட்டியலும் வரலாம். வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் இப்படியே பாருங்கள். சந்தேகம் இருந்தால் ப்ரீபிட் கூட்டத்துக்கு (டெண்டர் போடும் முன் சந்தேகம் தீர்க்க நடத்தும் கூட்டம்) எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழிப் பதில் செல்லாது.

மூன்று நிபந்தனைகளைப் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். ஃபால் கிளாஸ்: ஒப்பந்தக் காலத்தில் இதே பொருளை வேறு யாருக்காவது குறைத்து விற்றால், அரசுக்கும் அந்த விலையே. தாமத அபராதம்: வாரத்துக்கு அரை சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம் என்பது வழக்கமான அளவு. ரிஸ்க் பர்ச்சேஸ்: நீங்கள் தராவிட்டால் வெளியே வாங்கி, கூடுதல் செலவை உங்களிடம் பிடிப்பார்கள். நூல் விலை ஏறியது என்று சப்ளையை நிறுத்துபவர்களுக்கு நஷ்டம் இந்த மூன்றாவதில்தான் வருகிறது.

சரக்கு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட உறையில் முன்கூட்டியே ஸ்டாக் கட்டாதீர்கள். ஆர்டர் வரவில்லையென்றால் அதை வெளிச்சந்தையில் விற்க முடியாது. துணியாகவே வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் பேக் செய்யுங்கள். அடுத்தது தரம். கிடங்கில் மாதிரி எடுத்து, நூல் எண்ணிக்கை, சதுர மீட்டர் எடை, நீர் உறிஞ்சும் வேகம் எல்லாம் பார்ப்பார்கள். சலவையில் பசை சரியாகப் போகாத துணி தண்ணீரில் மிதக்கும். அந்தச் சோதனைக்கு ஒரு பாத்திரத் தண்ணீர் போதும். ஒவ்வொரு லாட்டையும் அனுப்பும் முன் பாருங்கள். ஒரு பேட்ச் தோற்றால் அது மட்டும் திரும்பி வராது, உங்கள் பெயரும் கோப்பில் ஏறும்.

பில்லோடு கிடங்கின் முத்திரையும் தேதியும் போட்ட டெலிவரி சலான், பரிசோதனையில் தேறிய அறிக்கை, சரக்கு எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏறியது என்ற குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் பில் மேஜையிலேயே கிடக்கும். 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். என்று பில்லிலேயே 2 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் நீங்கள் 'ஏற்கிறேன்' கொடுத்தால்தான் அது அங்குள்ள உங்கள் கேஷ் லெட்ஜர் கணக்குக்கு வரும்.

பணம் தாமதமானால் 2006 எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டம் உங்கள் பக்கம். சரக்கு இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. தாமதப் பணத்துக்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் மனுப் போடலாம். அரசாங்கத்தின்மேல் மனுப் போட்டால் அடுத்த டெண்டரில் பழிவாங்குவார்கள் என்று பின்னூட்டத்தில் சிலர் பயமுறுத்தலாம். மனுவுக்கு முன் தேதி வாரியாக இரண்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். பல நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

தேர்வில் அநியாயம் நடந்ததாகத் தெரிந்தால், 1998 தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.

கடைசியாக ஒப்பந்தம் முடியும் நேரம். புது டெண்டர் இழுத்தடித்தால், பழைய விலைக்கே மூன்று மாதம் நீட்டிக்கிறோம் என்று கடிதம் வரும். ஆவணத்தில் நீட்டிப்பு உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். இல்லையென்றால் இன்ன தேதி வரை, இத்தனை ரோல் வரை மட்டும் சம்மதம் என்று அளவு போட்டு எழுதலாம். அந்தக் கடிதத்தைப் பதில் இல்லாமல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.