பேட்டன்ட் சண்டை, ஆப் ஸ்டோர் வசூல்: உங்க கேள்வி, என் பதில்

போன வாரம் சும்மா ஒரு வரி போட்டேன், ஆப்பிள் சாம்சங் கேஸ் பத்தி ஏதாவது கேக்கணும்னா கேளுங்கன்னு, இத்தனை கேள்வி வந்து குவியும்னு நினைக்கவே இல்ல. என்னைத் தெரியாதவங்களுக்கு: கிண்டில ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் ஆபீஸ்ல 13 வருஷமா இருக்கேன், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் பேட்டன்ட் அப்ளிகேஷன் எழுதறதுதான் வேலை. வக்கீல் இல்ல, அதனால யாருக்கும் வாய்தா வாங்கித் தர முடியாது. அப்புறம் காப்புரிமைன்னு எழுதினா பாதி பேர் காப்பிரைட்னு புரிஞ்சுக்கறாங்க, பாதி பேர் பேட்டன்ட்னு புரிஞ்சுக்கறாங்க, வம்பே வேணாம், நான் பேட்டன்ட்னே எழுதறேன், அதாவது புதுசா கண்டுபிடிச்சதை மத்தவங்க கேக்காம செய்யவோ விக்கவோ கூடாதுன்னு தடுக்கற உரிமை.

தினேஷ், வியாசர்பாடி: அக்கா, ஆப்பிள் சாம்சங் மேல கேஸ் போட்டது போன் ஓரம் ரவுண்டா இருக்குன்னுதானே? அதுக்கெல்லாமா காசு கேப்பாங்க? கடைசில யாருதான் ஜெயிச்சா?

ரவுண்டு ஓரம் பாதிக் கதைதான் தம்பி. மீதிக் கதை உன் விரல்ல இருக்கு. யார்கிட்டயாவது ஐபோன் வாங்கி காண்டாக்ட்ஸ் தொற, கடைசி பேர் வர்ற வரைக்கும் தள்ளு, அங்க நிக்காம இன்னும் தள்ளு. லிஸ்ட் கொஞ்சம் இழுபட்டு கீழ காலி இடம் தெரியும், விரலை எடுத்ததும் எலாஸ்டிக் மாதிரி டப்புன்னு பழைய இடத்துல வந்து உக்காரும். இது இல்லன்னா என்ன ஆகும், லிஸ்ட் முடிஞ்சுதா இல்ல போன் ஹேங் ஆயிடுச்சான்னே உனக்குத் தெரியாது. அந்த ஒரு அசைவுக்கு ஆப்பிள் பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தாங்க, கேஸ்ல அதை 381னு சொல்லுவாங்க, நம்பரோட கடைசி மூணு இலக்கம். அது மாதிரி ரெண்டு தடவை தட்டினா பெருசாகறது, ரெண்டு விரலால விரிக்கறது, இதோட சேர்த்துதான் முகப்பு டிசைன், ஐகான் அடுக்கின விதம் எல்லாம்.

2011 ஏப்ரல்ல கலிபோர்னியால கேஸ் போட்டாங்க, 2012 ஆகஸ்ட் 24 அன்னிக்கு ஜூரி, அதாவது பொதுஜனத்துல இருந்து எடுத்த தீர்ப்புக் குழு, சாம்சங் 105 கோடி டாலர் தரணும்னு சொல்லிடுச்சு. எல்லாரும் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. எங்க முடிஞ்சுது, தொகையைக் குறைச்சாங்க, மறுபடி விசாரிச்சாங்க, அப்பீல் போனாங்க, 2016ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி அங்க எட்டு ஜட்ஜும் ஒரே குரல்ல சாம்சங் பக்கம் ஒரு பாயிண்ட் குடுத்தாங்க. அந்த பாயிண்ட் என்னன்னா, ஒரு சேலையோட பார்டர் டிசைனை காப்பி அடிச்சேன்னு வை, முழு சேலை வித்த லாபத்தையும் தரணுமா இல்ல பார்டருக்கு உண்டானதை மட்டும் தந்தா போதுமா? எப்பவும் முழு சேலைன்னுதான் கணக்கு போடணும்னு இல்ல, பார்டராவும் இருக்கலாம்னு சொல்லிட்டு கேஸை கீழ் கோர்ட்டுக்கே அனுப்பிட்டாங்க. 2018 மே மாசம் வேற ஜூரி உக்காந்து 53.9 கோடி டாலர்னு சொல்லுச்சு, அடுத்த மாசமே ரெண்டு பேரும் வெளிய பேசி முடிச்சுட்டாங்க. ஏழு வருஷம். கேஸ் முடியறப்ப அதுல இருந்த மாடல் ஒண்ணுக்குக் கூட ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் தேடி யாரும் வரல.

ஃபாத்திமா, ராயப்பேட்டை: இவ்ளோ சண்டை போட்டுக்கிட்டே ஐபோனுக்கு சிப் சாம்சங்தான் செஞ்சு குடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்மா. முதல் ஐபோன்ல ஆரம்பிச்சு அந்த சண்டை உச்சத்துல இருந்த வருஷங்கள்லயும் சிப் அவங்க ஃபேக்டரிலதான் தயாராச்சு. 2017ல ஐபோன் எக்ஸ் வந்தப்ப அதோட ஸ்க்ரீனும் சாம்சங்தான். மண்டபத்துல சம்பந்தி சண்டை, ஆனா சமையல் கான்ட்ராக்ட் மட்டும் அதே சம்பந்தி வீட்டுக்கு.

பிரவீன், அண்ணாநகர்: டேப்லெட் கேஸும் இருந்துச்சுல்ல? அதுல ஏதோ காமெடி நடந்துச்சுன்னு படிச்ச ஞாபகம்.

ஆமா, என்னோட ஃபேவரைட் அதுதான். ஜெர்மனில 2011லயே கேலக்ஸி டேப் 10.1க்கு தடை வாங்கிட்டாங்க, சாம்சங் ஃபிரேமை மாத்தி வேற பேர்ல கொண்டு வந்துச்சு. ஆனா லண்டன்ல 2012 ஜூலைல ஜட்ஜ் பிர்ஸ் என்ன சொன்னார்னா, சாம்சங் டேப் ஐபேட் அளவுக்கு கூலா இல்ல, அதனால யாரும் ரெண்டையும் குழப்பிக்க மாட்டாங்க, காப்பி இல்லன்னுட்டார். யோசிச்சுப் பாருங்க, அழகு பத்தலன்னு சொல்லி ஜெயிக்க வச்சா சாம்சங்காரன் சிரிக்கறதா அழறதா. அதோட விடல, சாம்சங் காப்பி அடிக்கலன்னு ஆப்பிள் அவங்க சொந்த வெப்சைட்லயே போடணும்னு உத்தரவு. போட்டாங்க, ஆனா கூடவே மத்த நாட்டு கோர்ட்ல நாங்க ஜெயிச்சோம்னு நாலு வரி சேத்துட்டாங்க. நவம்பர்ல அப்பீல் கோர்ட் கூப்பிட்டு, தூக்கிட்டு ஒழுங்கா போடுன்னு திட்டுச்சு. ஸ்கூல்ல இம்போசிஷன் எழுதச் சொன்னா நடுவுல டீச்சரை கிண்டல் பண்ணி எழுதற பையன் கதைதான்.

பேட்டன்ட், டிசைன் ரெண்டுக்குமே ஊருக்கு ஊர் சட்டம் வேற, இங்க ஜெயிச்சா அங்க ஜெயிக்கணும்னு இல்ல, அதைப் புரிஞ்சுக்க இந்த ஒரு கேஸ் போதும்.

சதீஷ், தாம்பரம்: 2014ல ரெட்மி போனுக்கு இந்தியால தடைன்னு ஒரே பரபரப்பா இருந்துச்சே, ஃபிளாஷ் சேல்ல கண்ணு முழிச்சு புக் பண்ணவன் நான். அது எதுக்கு?

அது ஸ்வீடன் நெட்வொர்க் கம்பெனி எரிக்சன் போட்ட கேஸ், டெல்லி ஹைகோர்ட், 2014 டிசம்பர். இது ரவுண்டு ஓரம் மாதிரி இல்ல சார். ஒரு போன் டவரோட பேசணும்னா எல்லா போனும் ஒரே பாஷை பேசணும், அந்த பாஷையோட இலக்கணத்துல நிறைய பக்கம் எரிக்சன், நோக்கியா, குவால்காம் மாதிரி ஆளுங்க எழுதினது. அதைத் தொடாம 3ஜி போனே செய்ய முடியாது. தொடாம செய்ய முடியாதுங்கறதாலயே, கேக்கறவங்க எல்லாருக்கும் நியாயமான ரேட்ல தரணும்னு அவங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. சண்டை எல்லாம் அந்த நியாயம் எவ்வளவுங்கறதுலதான். போனுக்குள்ள இருக்கற சிப் விலைல கணக்கு போடணுமா, முழு போன் விலைலயா? மறுபடி சேலை பார்டர் கதை.

ரெட்மி செய்யற ஷாவ்மிக்கு ஒரு வாரத்துலயே கொஞ்சம் தளர்வு கிடைச்சுது, குவால்காம் சிப் போட்ட போனை மட்டும் விக்கலாம், ஒவ்வொரு போனுக்கும் 100 ரூபா கோர்ட்ல கட்டிடுன்னு. மைக்ரோமேக்ஸ், இன்டெக்ஸ், லாவா எல்லாரும் இதே எரிக்சன்கிட்ட மாட்டினவங்கதான். லாவா கேஸ் 2024 மார்ச்லதான் தீர்ப்பாச்சு, 244 கோடி ரூபா கட்டச் சொன்னாங்க. நம்ம ஊரு பிராண்டுங்க சீன கம்பெனிகிட்ட தோத்ததுக்கு இதுதான் காரணம்னு சிலர் சொல்லுவாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், 4ஜி வந்தப்ப ஸ்டாக்ல 3ஜி போனை வச்சுக்கிட்டு நின்னது அவங்க தப்பு.

அபிநயா, காலேஜ் ஸ்டூடன்ட்: அக்கா, எங்ககிட்ட ஒரு ஆப் ஐடியா இருக்கு, யாராவது திருடறதுக்குள்ள பேட்டன்ட் பண்ணிடலாமா?

ஐடியாவை மட்டும் வச்சு முடியாதுடா. நம்ம சட்டத்துல 3(கே)ன்னு ஒரு பிரிவு இருக்கு, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், வியாபார முறை, இதுக்கெல்லாம் பேட்டன்ட் கிடையாது. உங்க ஆப் போனோட பேட்டரியையோ சென்சாரையோ ஏதோ ஒரு டெக்னிகல் விதத்துல மேம்படுத்துதுன்னா பேசலாம். பக்கத்துல இருக்கற மெஸ்ல என்ன மெனுன்னு காட்டற ஆப்னா இல்ல. எழுதின புரோகிராம் கோடுக்கு காப்பிரைட் தானா வந்துடும், பேருக்கு டிரேட்மார்க் போடுங்க.

தனி ஆளா ஆன்லைன்ல ஃபைல் பண்ணா அப்ளிகேஷன் ஃபீஸ் 1,600 ரூபாதான், பரிசோதிக்கச் சொல்லிக் கேக்க தனியா 4,000. செலவு எங்க வரும்னா எழுதறதுக்கு, அதாவது என்னை மாதிரி ஆளுக்கு, ஹிஹி. ஆனா ஒண்ணு, தயவு செஞ்சு காலேஜ் எக்ஸ்போல காட்டி யூடியூப்ல போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வராதீங்க. ஊருக்கே காட்டினதுக்கு அப்புறம் புதுசுன்னு எப்படி எழுதறது. மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க, டீ குடுத்து அனுப்பிடறேன்.

விக்னேஷ், பெருங்குடி: நான் ஒரு சின்ன சப்ஸ்கிரிப்ஷன் ஆப் வச்சிருக்கேன். ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் கமிஷனைப் பாத்தா வயிறு எரியுது. இது சட்டப்படி சரிதானா?

இதுதான் இன்னிக்கு உருப்படியான சண்டை. போன் எப்படி இருக்குங்கற சண்டை ஓஞ்சு போச்சு, இப்ப பரனூர் டோல்கேட் யாருதுங்கறதுதான் விஷயம். போனை நீ காசு குடுத்து வாங்கின, ஆப்பை விக்னேஷ் எழுதினார், ஆனா நடுவுல ஒரு கம்பு இறங்கி நிக்குது.

உங்களுக்கு முதல்ல ஒரு நல்ல செய்தி, வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு கீழ வருமானம்னா ஆப்பிள்லயும் கூகுள்லயும் 15 சதவீதம்தான், 30 இல்ல. 2021ல வந்த மாற்றம் அது, ஆப்பிள்ல அதுக்கு நீங்களாப் போய் சேரணும், நிறைய பேர் சேராமலே 30 அழுதுட்டு இருக்காங்க, செக் பண்ணுங்க.

இப்ப கேஸுக்கு வரேன். 2020 ஆகஸ்ட் 13, எபிக் கம்பெனி ஃபோர்ட்நைட் கேம்ல தன்னோட சொந்த பேமென்ட்டைப் போட்டு 20 சதவீதம் தள்ளுபடி குடுத்துச்சு. அன்னிக்கே ஆப்பிளும் கூகுளும் கேமைத் தூக்கிட்டாங்க, அன்னிக்கே எபிக் ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டுச்சு, எல்லாம் ரெடியா எழுதி வச்சிட்டுத்தான் வம்புக்கே போயிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, வேற ஸ்டோரையே உள்ள விடாத ஆப்பிள் 2021ல பெரும்பாலும் ஜெயிச்சுது, வேற ஸ்டோர் போட்டுக்கலாம்னு சொன்ன கூகுள் 2023 டிசம்பர்ல ஜூரிகிட்ட முழுசா தோத்துது. கதவைப் பூட்டி வச்சவன் தப்பிச்சான், கதவைத் தொறந்து வச்சுட்டு பின்பக்கமா போன் கம்பெனிங்களோட, கேம் கம்பெனிங்களோட ரகசியமா டீல் போட்டவன் மாட்டினான். ஆப்பிளுக்கும் ஒரு குட்டு விழுந்துச்சு, வெளிய பணம் கட்ட லிங்க் குடுக்க விடணும்னு. சரின்னு சொல்லிட்டு அந்த லிங்க்ல வாங்கினாலும் 27 சதவீதம் வெட்டுன்னாங்க. 2025 ஏப்ரல்ல ஜட்ஜ் செம கடுப்பாகி கோர்ட் அவமதிப்புன்னு எழுதிட்டாங்க.

நம்ம ஊருக்கு வாங்க. 2022 அக்டோபர்ல போட்டி ஆணையம், அதாவது பெரிய கம்பெனிங்க மத்தவங்களை நசுக்காம பாத்துக்கற அமைப்பு, கூகுளுக்கு ரெண்டு அபராதம் போட்டுச்சு, ஆண்ட்ராய்டுக்காக 1,337.76 கோடி, ப்ளே ஸ்டோர் பில்லிங்குக்காக 936.44 கோடி. ரெண்டாவதை 2025 மார்ச்ல அப்பீல் தீர்ப்பாயம் 216.69 கோடியா குறைச்சுட்டாங்க. அபராதத்துக்கு அப்புறம் கூகுள் வேற பேமென்ட்டும் வச்சுக்கலாம்னு சொன்னாங்க, ஆனா அதுலயும் 4 சதவீதம்தான் குறையும், 15 இருந்தது 11, 30 இருந்தது 26. அந்த 4ஐ எடுத்து உங்க பேமென்ட் கேட்வேக்கு குடுத்தா மிச்சம் என்னன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இதை எதிர்த்து நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குத்தான் மேட்ரிமோனி டாட் காம் உட்பட பல கம்பெனிங்க போனாங்க. 2023 ஆகஸ்ட்ல தள்ளுபடி, இது போட்டி ஆணையத்துகிட்ட போக வேண்டிய விஷயம்னு. 2024 மார்ச் 1 அன்னிக்கு மேட்ரிமோனி டாட் காமோட பாரத் மேட்ரிமோனி ஆப்பையே ப்ளே ஸ்டோர்ல காணோம். எங்க பெரியம்மா போன் பண்ணி, பொண்ணு பாக்கற ஆப் டவுன்லோடே ஆகலடி, வைரஸான்னு கேட்டாங்க. சட்டத்தை அவங்களுக்கு விளக்கறதுக்குள்ள சென்ட்ரல் கவர்மென்ட் தலையிட்டு சில நாள்ல திரும்ப வந்துடுச்சு.

மகேஷ், போரூர்: ஐபோன்ல வேற ஸ்டோர் போட வழியே இல்லையா?

ஐரோப்பிய யூனியன் நாட்டுல இருந்தா வழி இருக்கு, அங்க புதுச் சட்டம் வந்து 2024 மார்ச்ல இருந்து ஆப்பிளே தொறந்து விட்டாச்சு. போரூர்ல இல்ல. ஆண்ட்ராய்டுல எப்பவும் முடியும், போன்பே ஆரம்பிச்ச இண்டஸ் ஆப்ஸ்டோர் இருக்கு, தமிழ்லயும் வருது. ஆனா யாரோ வாட்ஸ்ஆப்ல அனுப்பற ஏபிகே ஃபைலைப் போட்டுட்டு நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

ரமணி, மேற்கு மாம்பலம்: எனக்கு வயசு 68. இவ்ளோ படிச்சேன். ஐபோன் வாங்கறதா சாம்சங் வாங்கறதா, அதைச் சொல்லும்மா.

அங்கிள், பேரன் பேத்தி எதை வச்சிருக்காங்களோ அதை வாங்குங்க. மாட்டிக்கிட்டா சொல்லிக் குடுக்க அவங்கதான் வரணும்.

செல்வி, ஸ்ரீபெரும்புதூர்: எங்க தெருவுல ஒரு காலத்துல பாதிப் பேரு நோக்கியாலதான் வேலை. பேட்டன்ட் சண்டைல தோத்துதான் மூடிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா அக்கா?

இல்ல செல்வி, நேர் எதிர். பேட்டன்ட் சண்டைல தோத்து நோக்கியா மூடல. 2009ல ஆப்பிள் மேல கேஸ் போட்டு 2011 ஜூன்ல ஆப்பிளைப் பணம் கட்ட வச்சாங்க. போன் விக்கறதுலதான் தோத்தாங்க. 2013ல போன் பிசினஸை மைக்ரோசாஃப்டுக்கு விக்கறதா அறிவிச்சப்ப கூட பேட்டன்ட்டை விக்கல, தங்ககிட்டயே வச்சுக்கிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அதுல காசு வருது.

உங்க ஊர் ஃபேக்டரி மாட்டினது வரில. போனுக்குள்ள போடற சாஃப்ட்வேருக்கு பின்லாந்துல இருக்கற நோக்கியா தாய் கம்பெனிக்கு அனுப்பின பணம் ராயல்டியா, அதாவது உரிமைக் கட்டணமா, அப்படின்னா இங்க வரி பிடிச்சிருக்கணுமே, ஏன் பிடிக்கலன்னு 2013ல 2,000 கோடிக்கு மேல நோட்டீஸ். அந்த வழக்கால ஃபேக்டரியை மைக்ரோசாஃப்டுக்கு மாத்திக் குடுக்க முடியல, ஆர்டர் குறைஞ்சுக்கிட்டே வந்து 2014 நவம்பர் 1 அன்னிக்கு நின்னு போச்சு. அப்புறம் அந்த இடத்தை எடுத்தது சால்காம்ப், ஆப்பிளுக்கு சார்ஜர் சப்ளை பண்றவங்க, அதுவும் பின்லாந்துல பொறந்த கம்பெனிதான். பக்கத்துல சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான்ல ஐபோன் ஓடுது. உங்க தெருவுல இப்ப காலைல எந்த கம்பெனி பஸ் வந்து நிக்குது, எழுதுங்க.