20 ஜிபி படங்களைச் சுருக்கினால் 19.7 ஜிபி: ஏன்?

கேள்வி: பென்னாகரத்தில் போட்டோ ஸ்டூடியோவும் டிடிபி கடையும் சேர்த்து நடத்துகிறேன். கம்ப்யூட்டரில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 22 ஜிபிதான் மிச்சம் என்பதால், கல்யாணப் படங்களும் வீடியோக்களும் இருந்த 20 ஜிபி கோப்புறையை 7-ஜிப்பில் போட்டுச் சுருக்கினேன். 19.7 ஜிபியில் ஒரு கோப்பு வந்தது. மிச்சம் 2 ஜிபி ஆகிவிட்டது. காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மூலப் படங்கள் அப்படியே இருப்பதால், அந்த 19.7 ஜிபி கோப்பை முதலில் அழித்துவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் புளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடு, நார், கொட்டை போனதும் மூட்டை எவ்வளவு சிறுத்துவிடுகிறது! ஆனால் தட்டி உருண்டை பிடித்த புளியை மறுபடி தட்டினால் கைதான் வலிக்கும். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் கேமராவுக்குள்ளேயே கொட்டை எடுக்கப்பட்டவை.

ஜிப்புக்கு அடிப்படை, லெம்பல், ஸிவ் இருவரும் 1977-ல் வெளியிட்ட முறை. முன்பே வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால் அதை முழுதாக எழுதாமல், ‘இத்தனை இடம் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறிப்பு மட்டும் வைக்கும். உங்கள் டிடிபி பக்கம் இதற்கு நல்ல விளைநிலம். எந்த அழைப்பிதழ் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கவில்லை? இன்னொன்று: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகிறது. அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட்டுக்கு இரண்டே மதிப்புகள். இத்தனை திரும்ப வருவதால் வெறும் தமிழ் உரைக் கோப்பு நன்றாகச் சுருங்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. ஆபீஸ் 2007-லிருந்து வரும் அந்த வகை உள்ளுக்குள் ஜிப்தான், அதாவது ஏற்கெனவே சுருங்கியது.

ஸ்கேனர், படத்தைச் சுருக்காமல் வைக்கும் பிஎம்பி வகையில் சேமிக்கிறதா என்றும் பாருங்கள். 300 டிபிஐ வண்ணத்தில் ஒரு ஏ4 பக்கமே ஏறக்குறைய 26 எம்பி பிடிக்கும். இவற்றை ஜிப் செய்வதைவிடப் பிஎன்ஜியாக மாற்றுவது மேல். தரம் துளியும் குறையாது, திறந்து பார்க்கவும் எளிது.

எப்போதாவது தொடும் பழைய டிடிபி கோப்புறைகளுக்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. வலது கிளிக், பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய், இடம் மிச்சப்படுத்தச் சுருக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். வழக்கம்போல் திறக்கலாம், விரிக்கும் வேலை இல்லை. தினமும் போட்டோஷாப்பில் புரளும் ஆல்பக் கோப்புகளுக்கு இது வேண்டாம், வேகம் கெடும்.

ஆனால் உங்கள் கடையில் இடத்தை விழுங்குவது படங்களும் வீடியோக்களும்தான். அவற்றுக்கு வெளி ஹார்டு டிஸ்க்தான் தீர்வு. ஒன்றல்ல, இரண்டு. ஒருவரின் தாலி கட்டும் படத்தை ஒரே டிஸ்கில் நம்பி வைக்க எனக்கு மனம் வராது. அதற்குள் அவசர இடம் வேண்டுமென்றால் டவுன்லோட்ஸ் கோப்புறையையும், விண்டோஸ் புதுப்பித்த பிறகு தங்கிவிடும் பழைய பதிப்பையும் பாருங்கள். பல ஜிபி அங்கே சும்மா கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை, பட்ட அனுபவத்தில். பல வருடக் கணக்குக் கோப்புகளைச் சுருக்கிவிட்டு, மூலத்தை அன்றே அழித்தேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பிழைச் செய்தி! 7-ஜிப் பல கோப்புகளை ஒரே தொடராகக் கட்டுவதால், நடுவில் ஒரு பழுது விழுந்தால் பின்னால் இருப்பவையும் போகலாம். டிடிபி கோப்புகளைச் சுருக்கியதும் 7-ஜிப்பில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்; பிழை இல்லை என்று வந்தபின் மூலத்தை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.