விண்கலத்தில் சீட் பெல்ட் கிடையாதா?

வாசகர் கேள்வி – பதில்: இந்த முறை அறிவியல் புனைவுத் தொடர்கள் பற்றி பெங்களூர் வாசகர்கள் கேட்டவை.

எதிரி சுட்டதும் கப்பலில் எல்லோரும் நாற்காலியிலிருந்து உருண்டு விழுகிறார்கள். ஒளியை மிஞ்சும் வேகத்தில் போகிறவர்களுக்கு ஒரு சீட் பெல்ட் கிடைக்கவில்லையா? எதிரே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை வேறு வெடித்துச் சிதறுகிறது.
– வாசகர், அல்சூர்

பெல்ட் மாட்டினால் உருள முடியாதே! 1966-இல் ஸ்டார் ட்ரெக் தொடங்கியபோது, கப்பல் அடிவாங்குவதைக் காட்ட இருந்த மலிவான வழி, கேமராவைச் சாய்த்துக் குலுக்குவதும் நடிகர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சரிவதும்தான். அரங்கம் அசைவதில்லை. கப்பல் ஆடுகிறது என்று நமக்குச் சொல்வதே நடிகரின் உடல். அதைக் கட்டிப்போட்டால் சண்டைக் காட்சி படுத்துவிடும். பெல்ட் போட்டும் எடுக்கலாம். ‘தி எக்ஸ்பேன்ஸ்’ (2015–2022) தொடரில் மெத்தை இருக்கையில் ஆளை இறுக்கிக் கட்டி, வேகத்தின் அழுத்தத்தைத் தாங்க ஊசியும் போடுகிறார்கள். பதற்றம் முகத்துக்கும் மூச்சுக்கும் இடம் மாறிவிடுகிறது.

பலகை வெடிப்பதற்குத்தான் மன்னிப்பே இல்லை. இன்றைய விமானத்தில் கருவிகளுக்குப் பெரும்பாலும் போவது 28 வோல்ட் டிசி. கிளைக்கு ஒரு பிரேக்கர். எங்கோ ஷார்ட் ஆனால் அந்தப் பிரேக்கர் விழும், திரை இருளும், மிஞ்சிப்போனால் கருகல் வாசனை வரும். பீரங்கிக்குப் போகிற மின்சாரத்தை ஒருவர் விரல் வைக்கும் பலகை வழியாக இழுக்க எந்த எலக்ட்ரீஷியனும் சம்மதிக்க மாட்டார். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது ‘டமால்’ என்ற சத்தம். கூடவே எச்சரிக்கை மணியும் விளக்கும். ஹூஸ்டன் தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் முதலில் அளவுக் கருவிதான் தப்பாகக் காட்டுகிறதோ என்று யோசித்தார்கள். தொடர்களில் அப்படி மீட்டரைச் சந்தேகப்படும் ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

பக்கத்திலேயே நின்று பேசும்போது திறக்காத தானியங்கிக் கதவு, கிளம்பும்போது மட்டும் எப்படித் திறக்கிறது?
– வாசகர், விவேக் நகர்

பழைய ஸ்டார் ட்ரெக்கில் பின்னால் ஆள் நின்று இழுத்தார். நடிகர் நடையைக் குறைக்காமல் கதவை நோக்கிப் போக வேண்டும்; இழுப்பவர் அரை நொடி அசந்தால் மூக்கு இடிக்கும். இடித்தும் இருக்கிறது. மால் கதவின் சென்சாருக்கு அந்த விவேகம் வராது.

எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவில் பிள்ளைகள் விண்கல நாடகம் போடுகிறார்கள். தொடர்களில் வருவது போல ஒளிரும் தொடுபலகை வேண்டும். அதைப் பார்க்காமலே ஐந்தாறு இடத்தில் தட்டுகிறார்களே, அது ஏன்?
– வாசகி, ஜாலஹள்ளி

தட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதால்தான். 1987-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கு மைக்கேல் ஒகுடா வடிவமைத்த பலகைகளில் பெரும்பாலானவை, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்த அச்சுப் படங்கள். பித்தான்களை வரிசையாகப் பதிப்பதைவிட அது மலிவு. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது என்று நடிகருக்குத் தெரியும். விரல் போன போக்கில் போனது.

உங்களுக்கும் அதே வழிதான். மூன்றடிக்கு இரண்டடிப் பலகைக்கு வேண்டியவை: 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று. அதே அளவில் டிரான்ஸ்லைட் அச்சு (பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும் தாளில் அடித்த படம்). மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 5 மீட்டர். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். எல்இடி சாமான் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், அச்சுக்கு பிளெக்ஸ் அடிக்கும் கடை போதும். ஸ்ட்ரிப்பில் 3528 வகை கேளுங்கள். மீட்டருக்குச் சுமார் 4.8 வாட், மொத்தம் 24 வாட், அதாவது 2 ஆம்பியர். 5050 வகையைத் தலையில் கட்டினால் மூன்று மடங்கு இழுக்கும், இந்த அடாப்டர் தாங்காது.

பலகையை மூடியாகப் பொருத்தும் பெட்டிக்குள் வெள்ளை பெயின்ட் அடித்து, 90 செ.மீ. நீளத்தில் ஐந்து வரிசை ஒட்டுங்கள். இடைவெளி 12 செ.மீ. வரும், பெட்டியின் ஆழமும் அதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் படத்துக்குப் பின்னால் வெளிச்சக் கோடுகள் தனித்தனியாகத் தெரியும், எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஸ்ட்ரிப்பை மூன்று விளக்குக்கு ஒருமுறை வரும் குறியில் மட்டுமே வெட்டலாம். ஒரு முனையில் மட்டும் கரன்ட் கொடுத்தால் கடைசி வரிசை மங்கும். இரு முனையிலும் கொடுங்கள். விலை குறைந்த டிம்மர் வேண்டாம், மொபைலில் வீடியோ எடுக்கும்போது திரையில் பட்டை ஓடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று இடம் குறித்துக் கொடுங்கள்: கிளப்ப ஒன்று, நிறுத்த ஒன்று, சுட ஒன்று. நாடகம் முழுக்க அதே இடங்களைத் தொட்டால் போதும். பெரிய தொடர்களே இந்தக் கணக்கில் சொதப்பியிருக்கின்றன.

ஆளை ஓரிடத்திலிருந்து மறைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் கருவி, அவசரத்துக்கு மட்டும் எப்போதும் மக்கர் பண்ணுவது ஏன்?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

ஸ்டார் ட்ரெக்கில் அது பிறந்ததே சிக்கனத்தில்தான். வாராவாரம் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமாக்கக் கட்டுபடியாகாது. ஆகவே ஆளை நேராகத் தரையில் தோன்றவைத்தார்கள். பிறகுதான் வினை. எந்த ஆபத்திலிருந்தும் நொடியில் தப்பலாம் என்றால் கதை எங்கே நகரும்? மின்புயல், கனிமப் பாறை, பழுது என்று வாரம் ஒரு சாக்கு தேட வேண்டியதாயிற்று. 1966-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கருவி பழுதாகி, சிலர் கீழே குளிரில் உறைகிறார்கள். சிறு ஓடத்தை அனுப்பலாமே என்று மேலே ஒருவரும் கேட்பதில்லை. தொடருக்கு அப்போது ஓடமே செய்து முடித்திருக்கவில்லை!

டாக்டர் ஹூ தொடரின் ஒலித் திருப்புளி (சோனிக் ஸ்க்ரூடிரைவர்) 1968-இல் வந்தது. எல்லாப் பூட்டையும் திறந்து கதையைக் கெடுக்கிறது என்று 1982-இல் அதை உடைத்தே போட்டார்கள். பின்னாளில் திரும்பி வந்த பிறகு ‘மரத்தில் வேலை செய்யாது’ என்று ஒரு குறையைச் சேர்த்தார்கள். அதுதான் சரியான வைத்தியம் என்பேன்: குறையை முதலிலேயே சொல்லிவிட்டால் பாத்திரங்கள் முட்டாளாகத் தெரிய மாட்டார்கள்.

விண்வெளி உடையின் தலைக்கவசத்துக்குள் முகத்தில் விளக்கு எதற்கு?
– வாசகர், மல்லேஸ்வரம்

நமக்கு முகம் தெரிய. அணிந்தவருக்குக் கண்ணாடியில் தன் மூக்குதான் தெரியும்.

யாருமே “சரி, வெச்சிடறேன்” என்று சொல்லாமல் பேச்சைத் துண்டிக்கிறார்களே?
– வாசகி, சிவாஜிநகர்

முக்கால் மணி நேரத்தில் உலகத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

கடைசி நொடியில் நாயகன் கணினியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டித் தரையிறக்குகிறாரே, அதிலாவது உண்மை உண்டா?
– வாசகர், பீன்யா

நிலவில் உண்டு. 1969-இல் ஆம்ஸ்ட்ராங் பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தாண்டிப் போக, ஓடத்தை ஓரளவு கையால் நடத்தினார். ஆனால் கணினியை அணைக்கவில்லை, எஞ்சினின் உந்துவிசையை அதுதான் சரிசெய்துகொண்டிருந்தது. ஆளில்லாக் கலத்துக்கு அந்த வசதியும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது உங்கள் பீன்யாவில் இருக்கும் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் யாரும் நெம்புகோலைப் பிடித்திருக்கவில்லை. நிலவுக்குச் சமிக்ஞை போய்த் திரும்பவே இரண்டரை நொடி ஆகும். கீழே விழுகிற கலத்தை அந்தத் தாமதத்தோடு ஓட்ட முடியாது. கடைசி இறக்கம் முழுக்கத் தானியங்கி. அங்கிருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இறங்கியதும் கைதட்டினார்கள்.