ராத்திரி கை மரத்துப்போனால் வாதமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுகிறார். சில மாதமாக நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துவிடுகிறார். உதறினால் சரியாகிறது. இப்போது வேலையின்போதும் கத்தி பிடி நழுவுகிறதாம். அவருடைய அப்பா வாதம் வந்து படுத்தவர் என்பதால் பயமாக இருக்கிறது. தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மருந்துக்கடையில் கேட்டு நரம்புச் சத்து மாத்திரை கொடுத்து வருகிறேன்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில்தான்; தலையில் இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்கேனுக்குப் பணம் புரட்டுவதற்கு முன்னால், இன்று ராத்திரி அவர் விழிக்கும்போது எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று கேளுங்கள். “கை முழுக்க” என்றுதான் சொல்வார். விடாதீர்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுண்டுவிரலையும் சேர்த்து.

உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு மீடியன் என்ற நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறுபாதிக்கும் அல்நார் என்ற வேறு நரம்பு. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மரத்து, சுண்டுவிரலை ஒட்டிய பாதி நன்றாக இருந்தால் மீடியன் நரம்பு எங்கோ நெருக்கப்படுகிறது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். மூளையில் அடைப்பு வந்தால் விரலை இப்படி நெடுக்காக இரண்டாக வகிர்ந்ததுபோல் மரப்பதில்லை. கழுத்து எலும்புத் தேய்மானத்திலும் பொதுவாக அப்படி வராது.

நெருக்குகிற இடம் மணிக்கட்டு. அங்கே எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் தடித்த பட்டைக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் ஓடுகின்றன. விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய், கத்தியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து மரத்துக்கு மரம் பட்டை சீவுகிறவருக்கு அந்த நாண்களின் உறை தடிக்கும். இடம் பற்றாமல் நரம்பு நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறி, நரம்புக்குப் போகும் ரத்தமே குறைகிறது. ராத்திரித் தொல்லைக்கும், உதறினால் தேவலையாவதற்கும் அதுதான் காரணம்.

வாதம் வரும் விதமே வேறு. திடீரென்று வரும். வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கத்துக் கையும் காலும் சேர்ந்தே தளரும், உதறினால் போகாது. அப்படி வந்தால், சில நிமிடத்தில் மறைந்துவிட்டாலும்கூட, உடனே 108. எண்ணெய் தடவலுக்கோ வர்மத் தடவலுக்கோ அப்போது நேரமில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மாத்திரை விஷயம். பி12 குறைவு இருந்தால் அது பலன் தரும். மணிக்கட்டு நெருக்கடியை எந்தச் சத்து மாத்திரையும் விலக்காது. பல கூட்டு மாத்திரைகளில் பி6 இருக்கிறது. அளவு மீறி நெடுநாள் தின்றால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும். யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே இந்த நெருக்கடிக்கு வழி வைப்பவை. பாதம் இரண்டும் மரக்கிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை நரம்பைத் தாக்கும்போது பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதுபோல, நீளமான நரம்புகளின் நுனியான கால்விரலில்தான் பெரும்பாலும் தொடங்கும்.

வைத்தியம் எளிது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். குறைந்தது 6 வாரம் ராத்திரியில் கட்டிக்கொண்டு படுக்கட்டும், இறுக்கிக் கட்ட வேண்டாம். கத்தியைக் கூராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழுங்கின கத்திக்குத்தான் பலம் அதிகம் வேண்டும். பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினாலும் இறுக்கம் குறையும்.

ஆனால் பிடி நழுவுகிறது என்கிறீர்களே, அதனால் பட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சோதிக்கச் சொல்வார்கள். முன்கையில் அது சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டருக்குக் குறையாது. நெருக்கப்பட்ட மணிக்கட்டைக் கடக்கும்போது வேகம் விழும். தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் மணிக்கட்டுக்குள் குறுக்கே ஓடும் அந்தத் தடித்த பட்டையை வெட்டிவிடும் சின்ன அறுவை. கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

அறுவைக்குப் பிறகு சில வாரம் கத்தி பிடிக்க முடியாது. இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாதத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் கட்டைவிரல் அடிச்சதை இடது கையைவிட வற்றியிருந்தால் தள்ளிப்போட வேண்டாம். வற்றின சதை முழுதாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.