அந்த வாட்ச்மேன் கதை: எங்கே இடிக்கிறது என்றால்

அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைப் பற்றி எழுதிய கதை கட்டுரை மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட பகுதியைப் படித்தேன். முதல் பத்தியிலேயே நான்கு முறை 'வறுமை' வருகிறது, ஆனால் அவருக்குச் சம்பளம் எவ்வளவு, யாரிடம் கடன் என்று ஓரிடத்திலும் இல்லை.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'பூஸ் கீ ராத்' கதையைப் படித்துப் பாருங்கள். கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாயைக் கடன் கொடுத்தவனிடம் இழந்துவிட்டு, ஹல்கூ என்ற விவசாயி தன் நாயைக் கட்டிக்கொண்டு வயலில் நடுங்குகிறான், விடிந்தால் பயிரையெல்லாம் நீலமான்கள் மேய்ந்துவிட்டிருக்கின்றன, மனைவி கலங்கி நிற்கிறாள், இவனோ இனிமேல் ராத்திரிக் குளிரில் இங்கே படுக்க வேண்டாம் என்று சந்தோஷப்படுகிறான். விவசாயம் அவனை என்ன பாடுபடுத்தியிருந்தால் அந்தப் பேச்சு வரும்!

உங்களிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஹார்ன் சத்தம் கேட்டு, சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் கேட்டைத் தள்ளுகிறாரே, அங்கிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம், சமூகத்தைக் கேள்வி கேட்கும் கடைசிப் பத்தி வேண்டாம், எடுத்துவிடுங்கள். திருத்தியதும் இங்கேயே போடுங்கள், கண்டிப்பாகப் படிக்கிறேன்.