அப்பாவின் தப்பு

அன்புள்ள டீச்சர்,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன். ஏழு வருஷமாகக் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. போன தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் அப்பா இறந்துவிட்டார். நல்ல தப்புக்காரர், தப்பு என்கிற தோல் மேளம் அடிப்பவர். காமன் கூத்துக்கு அவர் அடிக்கிறார் என்றால் பக்கத்து டிவிஷன் சனமும் வரும். குடியும் அப்படித்தான். சம்பள நாளில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் காம்பராவில் போய்ப் படுத்த இரவுகள் உண்டு. செத்த வீட்டில் எனக்கு அழுகையே வரவில்லை. கொழும்புக்குத் திரும்பிய பிறகு, கடை மூடியதும் பில் ரோலில் கொஞ்சம் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் அவரை வரையத் தொடங்கினேன். முப்பது நாற்பது படம் சேர்ந்துவிட்டது. ஐந்தைப் போட்டோ எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். அக்கா பார்த்துவிட்டு, "செத்த மனுசன ஏன்டா இப்புடி அசிங்கப்படுத்துற?" என்று அழுதாள். ஓவியம் படித்த நண்பர் ஒருவர், இதெல்லாம் சொந்தப் புலம்பல், மலையகத்தின் வலியை வரை, கொழுந்து எடுக்கும் பெண்களை வரை என்கிறார். நான் செய்வது கலையா, வெறும் புலம்பலா? இதை வெளியே காட்டலாமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

ஐந்து படங்களையும் பார்த்தேன். மூன்றாவதில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அப்பா குந்தியிருந்து மிலாறுச் சுள்ளித் தீயில் தப்பைக் காய்ச்சுகிறார். முகம் பாதிதான் தெரிகிறது. இடது கை விரல்கள் தோலைத் தொட்டுப் பார்க்கின்றன, சூடு ஏறிவிட்டதா என்று. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போல. அந்தக் கை உங்கள் நெற்றிக்கு எத்தனை முறை வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. படத்தைப் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

உங்கள் நண்பருடைய வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகில் கூடை, இடுப்பில் கட்டிய படங்கு, தலை குனிந்த ஒரு பெண். பின்னால் பச்சை மலை. இந்தப் படத்தை நான் காலண்டரில், தொழிற்சங்க மேடையில், தேயிலைப் பெட்டியில் என்று ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். வரைந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் அம்மாவை வரைந்தார்கள்? அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, பல்வலி இல்லை, அடுத்த காம்பராக்காரியோடு பீலித் தண்ணீருக்குச் சண்டை இல்லை. நம்முடைய வலிக்கென்று ஒரு சீருடை தைத்து வைத்திருக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்களாம்.

இதில் நானும் குற்றவாளிதான். எனக்குப் பதினொரு வயதில் தம்பி காய்ச்சலில் போனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு ஆள் அனுப்பினார்கள். கொழுந்து ஏற்றிப் போன லொறி இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பியது. இது உண்மை. அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அப்பா மேல் லயத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார், கூப்பிடப் போன என்னை "வாரேன் போ" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். இதுவும் உண்மை. முப்பது வயதில் இதைக் கதையாக எழுதினேன். லொறியை வைத்துக்கொண்டேன், சீட்டுக்கட்டை எடுத்துவிட்டேன். கதையில் அப்பா லொறியை மறிக்க மழையில் ஓடுகிறார். நல்ல பெயர் கிடைத்தது, இரண்டு தொகுப்பில் சேர்த்தார்கள். இன்றைக்கும் யாராவது அந்தக் கதையைப் பாராட்டினால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும்.

ஆனால் எங்கள் அம்மா அதை அன்றைக்கே சரியாகச் சொல்லிவிட்டாள், ஒப்பாரியில். கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்களுக்கு நடுவில், எல்லாரும் எப்போதும் பாடுகிற அதே மெட்டில், லொறி வராததையும் பாடினாள், சீட்டு விளையாடிய கையையும் பாடினாள். அப்பா வாசல் இஸ்தோப்புச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் எதிர்வழக்காட முடியாது. கொடுக்காத கடன், வராத அண்ணன், மாமியார் கொடுமை எல்லாவற்றையும் பிணத்தின் முன்னால் வைக்கலாம். மறுநாள் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகும்போது யாரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். படிக்காத என் தாய்க்கு இருந்த அந்த உரிமை, படித்த எனக்கு இல்லாமல் போனது எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மெட்டு பொது, உள்ளே வைக்கிற சாமான் சொந்தம். காமன் கூத்திலும் இதைப் பார்த்திருப்பீர்கள். மாசிக் குளிரில், சிவன் காமனை எரித்ததும் ரதி அழத் தொடங்கும். சேலை கட்டிய ஆம்பிளைதான். பகலில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் சுற்றி நிற்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் மன்மதனுக்கா அழுகிறார்கள்? உங்கள் அப்பாவின் தப்பு அந்த இடத்தில் எப்படித் தணிந்து வரும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்த நம்மவரின் பழைய பாட்டு ஒன்று எல்லாருக்கும் மனப்பாடம்:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

இதை ஒரு சமூகத்தின் பாட்டு என்று மேடைகளில் சொல்கிறோம், சரிதான். ஆனால் முதலில் பாடியவர் யாரோ ஒருவர். ஒற்றைப் பனை எப்படித் தோப்பாகும்? இழந்துவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு மரமே தோப்பு. அப்புறம் இன்னொன்று பாருங்கள். ஊரையும் பனையையும் 'இழந்தேன்' என்றவர், தாய்க்கு வரும்போது 'மறந்தேன்' என்கிறார். பஞ்சம், ஆள் சேர்த்த கங்காணி, கப்பல் என்று எதன் மேலும் பழி போட்டிருக்கலாம். போடவில்லை, தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். வெளியே சொல்ல வெட்கமான அந்த ஒரு சொல்லால்தான் இத்தனை பேர் வாயில் இந்தப் பாட்டு நிற்கிறது என்பது என் எண்ணம்.

'புலம்பல்' என்பதற்கு வருகிறேன். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட சின்ன ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களை நான்கு நாள், நாளைக்கு 15 நிமிஷம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் இன்னும் வாடித்தான் போனார்கள். ஆனால் நடந்ததையும் அதில் தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்திய ஆறு மாதத்தில் வைத்தியரிடம் போனது குறைந்தது. உணர்ச்சியை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் அப்படிக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. "ஐயோ" மட்டும் ஒப்பாரி ஆகாது. சீட்டுக்கட்டும் வேண்டும்.

ஆகவே உங்கள் ஐந்தாவது படத்தைப் பற்றி ஒரு குறை. கறுப்பாகக் கிறுக்கி, நடுவில் வாய் திறந்த ஒரு முகம். கோபம் தெரிகிறது, ஆனால் யார் கோபம், எந்த இரவின் கோபம் என்று தெரியவில்லை. நான்காவதில், வேட்டி விலகிக் கிடக்கும் அப்பாவின் தலைமாட்டில் ஒரு செம்பு இருக்கிறது. தண்ணீர் வைத்தது யார்? அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். அடுத்த காம்பராவுக்குப் பிள்ளைகளோடு போகும்முன் அந்தச் செம்பை வைத்துவிட்டுப் போன பெண்ணை, அவளை வரையாமலே வரைந்திருக்கிறீர்கள். ஐந்தாவதில் இல்லாதது அந்தச் செம்புதான்.

அவசரப்படவும் வேண்டாம். கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் இளைய மகன் 1914 ஒக்டோபரில் போரில் செத்தான். அவனுக்கு ஒரு நினைவுச்சிலை செய்யவேண்டும் என்று அந்த வருஷமே நினைத்தார். அது பெல்ஜியத்தில் மகன் புதைந்த மயானத்தில் வைக்கப்பட்டது 1932இல். முதலில் மகனின் உடலைக் கிடத்தி, தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய் என்று யோசித்தவர், கடைசியில் மகனையே எடுத்துவிட்டார். முழங்காலிட்ட இரண்டு பேர் மட்டும். முகங்கள் அவருடையதும் அவர் கணவருடையதும். அத்தனை தாய்மார் அந்த மயானத்துக்கு வருவார்கள் என்று தெரிந்தும் பொதுவான ஒரு தாயின் முகத்தை அவர் தேடிப் போகவில்லை.

காட்டலாமா என்று கேட்கிறீர்கள். வரைவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். காட்டுவது வேறு, அம்மாவும் அக்காவும் அந்த லயத்தில்தான் நாளைக்கும் இருக்கவேண்டும். அக்கா அழுதது எந்தப் படத்துக்கு என்று கேட்டீர்களா? செம்பு இருக்கிற படத்துக்கா, தப்புக் காய்ச்சுகிற படத்துக்கா? தப்புக் காய்ச்சுகிற படத்துக்கென்றால், அந்த அசிங்கம் குடியைப் பற்றியது மட்டுமில்லை. தப்பு பிடித்த கையை நாலு பேர் பார்க்கக்கூடாது என்ற வெட்கம் நம்மவருக்கு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுப்பவும், சாமிக்கும், சாவுக்கும் அதே தப்பு வேண்டும். அடித்தவனை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துவோம். அந்தப் படத்தை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள். ஒன்றும் விளக்கம் சொல்லவேண்டாம். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

போன மாசியில் உங்கள் தோட்டத்தில் யார் அடித்தார்கள்? அதையும் எழுதுங்கள்.

ஒரு விஷயம், கட்டாயம். பில் ரோல் சூட்டில் எழுத்து விழுகிற தாள். கடை எழுத்து நாளடைவில் மங்கும், ஆனால் சூடு பட்டால் தாளே கறுத்துப்போகும். சம்பளம் எடுத்ததும் நல்ல தடித்த தாளாகக் கொஞ்சம் வாங்குங்கள். வரைந்த பழையவற்றை ஒரு பைலில் போட்டு வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா பத்திரம் என்று அடுப்புக்கு மேலே செருகிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டீச்சர்
ஹட்டன்