கறுப்பாகத் தெரியும் செஞ்சிலுவை

வணக்கம் ஐயா,

முதலாம் உலகப் போரில் இத்தாலியப் படையினர் அல்ப்ஸ் மலையிலிருந்து காயக்காரரைக் கம்பிவடத்தில் இறக்கும் படமொன்றை வகுப்பில் காட்டினேன். வானமும் பனியும் ஒரே வெள்ளையாக இருக்க, பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது. அருகில் நிற்பவரின் கைப்பட்டியில் சிலுவை கறுப்பாக இருக்கிறது. "இது ஒட்டுப்படம் ரீச்சர்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். 2009இல் எங்கள் சனம் காயக்காரரை உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்ற படங்களையும் நாளை இப்படித்தான் சொல்வார்களோ?

ஓர் ஆசிரியை, புதுக்குடியிருப்பு

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் சந்தேகித்தது நல்லதே. ஆனால் சந்தேகத்தைக் கிளப்பிய வெள்ளை வானம், கறுப்புச் சிலுவை இரண்டும் அக்காலப் படத்துக்குப் பொருந்துபவை. அன்று பெரும்பாலும் புழங்கிய கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் இருந்த பூச்சு நீல ஒளியை மிகையாக ஏற்றது. சிவப்பை ஏறக்குறைய ஏற்கவேயில்லை. ஆகவே நீலவானம் வெளிறிப் பனியோடு கலந்துவிடும்; செஞ்சிலுவையும், கட்டுத்துணியில் ஊறிய குருதியும் கறுத்துவிடும்.

ஒட்டுப்படம் இல்லை என்பதற்காக அது முழுக் கதையையும் சொல்கிறது என்று கொள்ள முடியாது. இத்தாலியப் படைக்குத் தனியான படப்பிடிப்புப் பிரிவு இருந்தது, தணிக்கையும் இருந்தது. மூவாயிரம் மீற்றருக்கும் மேலான அடமெல்லோ, மர்மோலாடா முனைகளில் உணவும் வெடிபொருளும் மேலேறிய வடங்களிலேயே காயக்காரர் கீழே வந்தார்கள். வடம் படத்துக்கு எடுப்பான காட்சி. அந்த வடத்தடி வரைக்கும், பனிச்சரிவு எந்நேரமும் இறங்கக்கூடிய சாய்வுகளில், ஒருவரைத் தோளில் காவி வந்தவர்களின் நெடுவழி அப்படிப்பட்டதன்று. குருதி இழந்த உடலால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது என்பதால், இத்தகைய படங்களில் நான் முதலில் தேடுவது கம்பளியைத்தான்: அது மேலே மட்டும் போர்த்தப்பட்டிருக்கிறதா, முதுகுக்கு அடியிலும் மடித்து இடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அடியில் கம்பளி இருந்தால், அந்த மனிதன் பிழைக்க வேண்டும் என்று எண்ணிய ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

எங்கள் படங்களின் நிலை வேறு. 2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு காயக்காரரைக் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றபோது, கரையிலிருந்து கப்பல்வரை அவர்களை ஏற்றிச் சென்றவை மீன்பிடி வள்ளங்கள். சுயாதீனச் செய்தியாளர்கள் போர்முனைக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே படங்கள் உள்ளே அகப்பட்டிருந்தவர்களால் எடுக்கப்பட்டவை, பலவற்றுக்கு எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பே இல்லை. அவற்றை மறுக்க விரும்புபவருக்கு அந்தக் குறிப்பின்மையே போதும். எனக்கு மிகுந்த கவலை தருவதும் அதுதான். உழவு இயந்திரப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டிருந்ததா, சேலை விரித்திருந்ததா, சேலைன் போத்தலை யார் உயர்த்திப் பிடித்திருந்தார் என்பதை, ஓட்டியவர்களும் காவியவர்களும் இன்னும் எங்களிடையே இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

உங்கள் மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கைப்பேசியில் சுற்றிவரும் பிரதிகளில் எடுத்த நேரம் போன்ற விபரங்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும்; மூலக் கோப்பு யாரிடமாவது இருந்தால், அதைத் திருத்தாமல், வெளிச்சம்கூடக் கூட்டாமல், அப்படியே சேமிக்கச் சொல்லுங்கள். கமராவின் மணிக்கூடும் பிழையாக இருக்கலாம் என்பதால், பின்னால் தெரியும் பனைவரிசை, பதுங்குகுழி, வாய்க்கால் ஆகியவற்றைக் கொண்டு இடத்தை உறுதிப்படுத்துங்கள். படத்தில் உள்ளவர் உயிருடன் இருந்தால், அவரிடம் கேட்காமல் அவருடைய முகத்தைப் பாடசாலைச் சுவரில் மாட்ட வேண்டாம்.